முதலில் குளிர்விக்கணும், அப்புறம்தான் ஆம்புலன்ஸ்

1/ 2018 செப்டம்பர் 1. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசன். (நம்ம கால்பந்து இல்லைங்க, ஹெல்மெட் போட்டு முட்டை வடிவப் பந்தோட ஆடுற ஆட்டம்.) டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிரா மேரிலாண்ட் அணி முதல்முறை பந்தோட வந்து நின்னப்போ, 11 பேருக்குப் பதிலா 10 பேர்தான் நின்னாங்க. நேரம் தாண்டியதால் பெனால்ட்டி. டெக்சஸ் அதை வேண்டாம்னு விட்டுக்கொடுத்தது.

2/ அந்தக் காலி இடம் ஜோர்டான் மெக்நேருக்கு. வயசு 19. மே 29 அன்று பயிற்சியில் 110 கெஜ ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடும்போது சரிந்தார். ஜூன் 13 அன்று இறந்தார். காரணம் ஹீட் ஸ்ட்ரோக். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போயும் காப்பாற்ற முடியல.

3/ இது எப்படி வருது? உடல் உழைக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாத்தான் மாறுது. வியர்வை அதை வெளியேத்தணும். உற்பத்தி வேகமா, வெளியேற்றம் மெதுவா இருந்தா உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மூளை, கல்லீரல், சிறுநீரகம்னு வரிசையா பாதிக்கும். சுமாரான வெயில்லயும் வரலாம்.

4/ இதுக்கு பாராசிட்டமால் வேலை செய்யாது. ஏன்னா இது காய்ச்சல் இல்ல. காய்ச்சல்ல மூளையே வெப்ப அளவைக் கூட்டி வைக்குது, மாத்திரை அதைக் குறைக்கும். இங்க மூளை கூட்டி வைக்கவே இல்ல. உடம்பு அடுப்பு மேல இருக்கு, அவ்வளவுதான்.

5/ சிகிச்சை ரொம்ப எளிது: ஐஸ் தண்ணித் தொட்டியில் கழுத்து வரை இறக்கணும், உடனே. அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப்பந்தயத்தில் 18 வருஷத்தில் 274 ஹீட் ஸ்ட்ரோக் கேஸ்களை இப்படித்தான் அங்கேயே குளிர்வித்தாங்க. 274 பேரும் பிழைச்சாங்க. ஒரு உயிர்கூடப் போகல.

6/ மேரிலாண்டில் என்ன ஆச்சு? பல்கலைக்கழகமே நியமிச்ச விசாரணையின் கணக்கு இது. அறிகுறி தெரிஞ்சதிலிருந்து அவசர உதவிக்குப் போன் பண்ண 1 மணி 7 நிமிஷம். ஆம்புலன்ஸ் கிளம்ப 1 மணி 39 நிமிஷம். ஐஸ் தொட்டியில் இறக்கவே இல்ல. இதில் நாங்க எண்ணுற பொன்னான நேரம் முதல் 30 நிமிஷம்.

7/ அந்த சீசன்ல மேரிலாண்ட் முதல் மேட்ச்ல டெக்சஸை 34-29ன்னு ஜெயிச்சது. மொத்தத்தில் 5 வெற்றி, 7 தோல்வி. கோச் அக்டோபர் 30 அன்று பதவியில் தொடரலாம்னு நிர்வாகக் குழு சொன்னது. கடும் எதிர்ப்பு. மறுநாளே பல்கலைக்கழகத் தலைவர் அவரை நீக்கினார்.

8/ கோச் போனதோட பிரச்சினை தீர்ந்துச்சான்னு கேட்டா, என் பதில் இல்லை. கஷ்டப்படாம ஜெயிக்க முடியாதுன்னு சொல்றவங்க சொல்றது உண்மைதான். ஆனா கஷ்டம் எது, ஆபத்து எதுன்னு முடிவு பண்றது ஜெயிச்சாகணும்ங்கிற அவசரத்தில் இருக்கிறவரா இருக்கக் கூடாது. "போதும், நிறுத்துங்க"ன்னு சொல்ற அதிகாரம், கோச்சுக்குக் கீழே வேலை செய்யாத ஒருத்தர்கிட்ட இருக்கணும். பையன் தானே சொல்வான்னு விட்டுடாதீங்க. டீமில் இடம் போயிடும்னு பயப்படுற 19 வயசுப் பையன் சொல்லமாட்டான்.

9/ உங்களுக்கும் இது தேவைப்படும். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ், போலீஸ் தேர்வு ஓட்டம், மாரத்தான் எதுவானாலும் சரி: ஓடிட்டிருந்தவர் தடுமாறினா, உளறினா, காரணமில்லாம கோபப்பட்டா, மயங்கினா ஹீட் ஸ்ட்ரோக்னு சந்தேகப்படுங்க. வியர்வை வழியுதே, அதனால இருக்காதுன்னு நினைக்காதீங்க. வியர்வையோடயும் வரும்.

10/ ஒருத்தர் 108க்குப் போன் பண்ணட்டும். மத்தவங்க நிழலுக்குத் தூக்கி, கனத்த உடுப்பைக் கழட்டி, தண்ணித் தொட்டியில் இறக்குங்க, தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே. தொட்டி இல்லையா? ஐஸ் தண்ணியில் நனைச்ச துணியை உடம்பு முழுக்கப் போட்டு மாத்திக்கிட்டே இருங்க, பக்கெட் பக்கெட்டா ஊத்துங்க. நினைவு தெளிவா இல்லாதவர் வாயில் தண்ணி ஊத்தாதீங்க, புரையேறும்.

11/ அடுத்த முறை பிள்ளையை மைதானத்தில் விடும்போது பி.டி. சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், ஒரு பையன் விழுந்தா ஐஸும் தொட்டியும் எங்க இருக்கு?" பதில் இல்லைன்னா சண்டை போடாதீங்க. நாலு பெற்றோர் சேர்ந்து ஒரு பெரிய டப் வாங்கிக் கொடுத்துடுங்க.