மனச்சோர்வுக்கு ஊருக்குள்ளேயே சிகிச்சை வேண்டும்

மனச்சோர்வில் முடங்கிக் கிடப்பவரிடம் 'மனசைத் தேத்திக்கோ, எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லாத வீடு குறைவு. மனம் தேறட்டும், பிறகு எழுந்து நடமாடலாம் என்று அவரும் காத்திருக்கிறார். நாட்கள் படுக்கையிலேயே கழிகின்றன. நடத்தை சார்ந்த சிகிச்சை இந்த வரிசையை மாற்றிப் போடுகிறது: முதலில் ஒரு சின்னச் செயல், அதன் பின்னால் மனம்.

இந்த முறையை மனநல மருத்துவர் விக்ரம் படேலும் 'சங்கத்' தொண்டு நிறுவனமும் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்துப் பார்த்தார்கள். கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தது. மறுபாதியினருக்கு அதனுடன் ஆறு முதல் எட்டு ஆலோசனை அமர்வுகளும் கிடைத்தன. ஆலோசகர்கள் மனநலப் படிப்பு படித்தவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். மூன்று மாதங்களில் நோயின் பிடியிலிருந்து மீண்டவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம், பெறாதவர்களில் 39 சதவீதம். 2017இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது.

அமர்வில் அறிவுரைக்கு இடமில்லை. நாள் எப்படிப் போகிறது, எந்த வேலைகள் நின்றுபோயின, எதைச் செய்தபோது சற்றே இலேசாக இருந்தது என்று ஆலோசகர் கேட்கிறார். 'வெளியே போய் வாருங்கள்' என்று பொதுவாகச் சொல்வதில்லை. செவ்வாய் மாலை ஐந்து மணிக்குத் தங்கையுடன் கடைத்தெரு வரை என்பதுபோல, நாளும் நேரமும் துணையும் சேர்த்தே முடிவாகிறது. போகவில்லையா? கண்டிப்பு கிடையாது. எது தடுத்தது என்று விசாரித்து, வேலையை இன்னும் சிறிதாக்குகிறார்கள்.

தற்கொலை எண்ணம் இருப்பவர்களுக்கும் மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் கட்டாயம் வேண்டும். மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. ஆனால், 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு போன்ற பொதுவான பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. அத்தனை பேருக்கும் மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்கச் சொல்வது அநியாயம்.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். எந்த வீட்டில் யார் முடங்கிக் கிடக்கிறார் என்பது அவர்கள் கண்ணில் படாமல் போகாது. அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு அரசு இந்த ஆலோசனைப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் மேற்பார்வையிட வேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் தர வேண்டும். இருக்கும் சுமையின் மேல் இதையும் சும்மா ஏற்றினால் திட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.