அங்கோர் வாட்டில் தமிழனைத் தேடுவோர்

அண்மைக் காலமாகக் கம்போடியா சென்று திரும்பும் தமிழர்கள் பெருகிவிட்டார்கள். திரும்பியவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள், இலக்கியக் கூட்டங்களில் படம் காட்டிப் பேசுகிறார்கள். மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவற்றைப் படித்தும் கேட்டும் முடிக்கையில், இவர்கள் கம்போடியாவுக்குத்தான் போனார்களா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. அந்நாட்டின் பெரும்பான்மையினரான கெமர் மக்கள் இக்கட்டுரைகளில் உணவு பரிமாறுகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், புன்னகைக்கிறார்கள். வரலாற்றில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. அங்கே சோழரும் பல்லவருமே உலவுகிறார்கள். 'அங்கோர் வாட்டைக் கட்டியவன் தமிழ் மன்னன்' என்ற வரி எப்படியாவது வந்துவிடுகிறது. சான்று என்ன என்று கேட்டால், 'எங்கள் வழிகாட்டியே ஒப்புக்கொண்டார்' என்கிறார்கள்.

அந்த ஒப்புதல் எவ்வாறு பெறப்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கோர் வாட்டின் மேற்கு வாயிலில் நாம் கண்டது இது. தமிழகத்திலிருந்து நாற்பது பேர் கொண்ட குழு ஒன்று வந்திருந்தது. முன்னால் கொடி பிடித்தபடி சுற்றுலா நிறுவனத்தின் ஆள். அங்கே உரிமம் பெற்ற உள்நாட்டு வழிகாட்டி உடனிருக்க வேண்டும் என்பதால், ஐம்பது வயதைக் கடந்த கெமர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார்கள். அவருக்குக் கிடைத்தது பத்து நிமிடம். குழுவிலிருந்த பெரியவர் ஒருவர், "இதைக் கட்டியது எங்கள் அரசர்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "சூரியவர்மன், கெமர் அரசர்" என்றார் வழிகாட்டி. மறுபடியும் கேட்டார். "இந்து அரசர்" என்று விடை வந்தது. மூன்றாம் முறையும் கேட்டார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "இருக்கலாம் ஐயா, உங்கள் ஊரிலிருந்து வந்திருக்கலாம்" என்றார். கைதட்டல் எழுந்தது. சிலர் அதைக் கைப்பேசியில் பதிவும் செய்துகொண்டார்கள்.

மறுநாள் அதே மனிதரை நாம் தனியே இரண்டு நாட்களுக்கு அமர்த்திக்கொண்டோம். முதல் நாள் நிகழ்ந்ததைப் பற்றிக் கேட்டபோது அவர் சினம் கொள்ளவில்லை. "வெகுதூரம் செலவு செய்து வந்திருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் மகிழ்ச்சி அடைகிறார்கள். எனக்கும் வீடு இருக்கிறது" என்றார். அவர்மீது நமக்குக் குறையில்லை. ஒரு தேசத்தின் வரலாற்றைச் சொல்ல உரிமையுடைய ஒருவரை நம் புகழ்மாலைக்காரராக மாற்றும் சந்தைமீதும், அதில் கூச்சமின்றிப் பேரம் பேசும் நம் சுற்றுலாப் பண்பாட்டின்மீதும்தான் குறை.

முதலில் செய்தியைத் தெளிவாக்கிக்கொள்வோம். அங்கோர் வாட்டை 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவன் இரண்டாம் சூரியவர்மன். 1113இல் ஆட்சிக்கு வந்த கெமர் மன்னன். அவனுக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே, 802இல் மகேந்திர மலையில் இரண்டாம் ஜெயவர்மன் சக்கரவர்த்தியாக முடிசூடிய செய்தியை 11ஆம் நூற்றாண்டின் ஸ்தோக் காக் தோம் கல்வெட்டு சொல்கிறது. தேதி தெரிந்த மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு 611ஆம் ஆண்டினது. சொந்த மொழியும் எழுத்தும் அரசும் உடைய ஒரு மக்களைத் தம் கோயிலைத் தாமே கட்டத் தெரியாதவர்கள் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

அப்படியானால் தமிழ்த் தொடர்பே இல்லையா? உண்டு, அது கற்பனையைவிடச் சுவையானது. கெமர் எழுத்து, பல்லவர் கால எழுத்து மரபிலிருந்து கிளைத்தது. காம்போச மன்னன் நட்பை நாடி முதலாம் இராசேந்திரனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு குறிக்கிறது. காம்போச அரசன் காட்டிய கல்லொன்று தில்லைக் கோயிலில் வைக்கப்பட்டதை முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரக் கல்வெட்டு சொல்கிறது. அரசர்கள் ஒருவருக்கொருவர் பரிசில் அனுப்பிக்கொண்ட செய்திகள் இவை. பரிசு அனுப்பியவனைக் குடிமகனாக்கி, அவன் வீட்டுக்கும் நாமே கொத்தனார் என்று சொல்வது எந்த அறத்தில் சேரும்?

இன்னொன்றும் உண்டு. கெமர் கல்வெட்டுகள் பலவற்றில் அரசனைப் புகழும் பகுதி சமஸ்கிருதச் செய்யுளிலும், நிலம், நெல், பணியாட்கள் பற்றிய பட்டியல் பழங்கெமர் உரைநடையிலும் இருக்கும். நம் திருவாலங்காட்டுச் செப்பேட்டை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. மெய்ப்புகழுக்கு வடமொழி, வயலின் எல்லைக்குத் தாய்மொழி. இரு நிலங்களின் அரசவைகளும் ஒரே உலகத்தில் இயங்கின என்பதற்கு இது சான்று. தமிழ் இலக்கியம் படித்தவன் அங்கே பேச வேண்டியது இதைத்தான். வர்மன் என்ற ஈற்றைக் கண்டதும் துள்ளுவதை அன்று.

பிறர் கட்டியதற்கு உரிமை கோரும் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1860இல் அங்கோர் வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூஓ அதைக் 'கண்டுபிடித்தவர்' என்று ஐரோப்பா கொண்டாடியது. அப்போதும் அங்கே புத்த பிக்குகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1632இல் வந்த ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் தூணில் எழுதி வைத்த வரிகள் இன்றும் உண்டு. 1926இல் கல்கத்தாவில் தோன்றிய பெரும் பாரதச் சங்கத்தார் தென்கிழக்காசியாவைப் பண்டை இந்தியக் குடியேற்றங்களாகக் கண்டார்கள். வெள்ளையன் நம்மைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மறுக்க நூறு கட்டுரை எழுதும் நாம், அவன் குரலிலேயே கெமர்களிடம் பேசுகிறோம்.

இதில் என்ன தீங்கு, பெருமைதானே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். 2003 ஜனவரியில், அங்கோர் தாய்லாந்துக்கே உரியது என்று தாய்லாந்து நடிகை ஒருவர் சொன்னதாக வதந்தி பரவியது. அவர் மறுத்தும் பயனில்லை. புனோம் பென் நகரில் தாய்லாந்துத் தூதரகம் எரிக்கப்பட்டது. அந்த வன்முறையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அங்கோர் யாருடையது என்ற சொல் அம்மக்களின் எந்த நரம்பைத் தொடுகிறது என்பது அதில் தெரிகிறது. அக்கோயில் அவர்களுடைய தேசியக் கொடியில் இருக்கிறது. கெமர் ரூஜ் ஆட்சியினர் பணத்தையும் பள்ளியையும் சந்தையையும் ஒழித்தார்கள்; அவர்களும்கூடத் தம் கொடியிலிருந்து அங்கோரை எடுக்கவில்லை. அத்தகைய ஒன்றை, மூன்று முறை கேட்டு, ஒரு கூலியாளின் வாயிலிருந்து எழுதி வாங்கிக்கொண்டு வருகிறோம்.

மாறாக, தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, வாயை மூடிக்கொண்டு அவர் பின்னே நடந்தால் என்ன கிடைக்கும்? குழுவினர் அங்கோர் வாட்டின் பாற்கடல் கடையும் சிற்பத் தொடரின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஏறத்தாழ 49 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுவரை நாம் ஒரு மணி நேரம் பார்த்தோம். இலங்கைப் போர்ச் சுவரின் முன் வழிகாட்டி, அனுமனைக் காதலித்த சொவான் மச்சாவின் கதையைச் சொன்னார். அவள் இராவணனின் மகள், கடற்கன்னி. கெமர்களின் இராமகாதையான ரீம்கெரில் வருபவள், கம்பனிடம் இல்லாதவள். பயோன் கோயில் சுவர்களில் அரசர்களைவிட நம்மைக் கவர்ந்தவை சந்தையும் சேவற்சண்டையும் சமையலும் பிள்ளைப்பேறும். 1296இல் வந்து ஓராண்டளவு தங்கிய சீனத் தூதர் சோவ் தாகுவான் சந்தையில் வாணிபம் செய்வோர் பெண்களே என்று எழுதியதை, அந்தச் சுவரைக் காட்டியபடியே அவர் விளக்கினார்.

தா புரோம் கோயிலை, மரத்தின் வேர்கள் கல்லைக் கவ்விய அந்தக் காட்சிக்காக எல்லோரும் பார்க்கிறார்கள். அதன் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏழாம் ஜெயவர்மன் நாடெங்கும் நிறுவிய 102 மருத்துவமனைகளைக் குறிக்கிறது. அக்கோயிலில் மட்டும் 615 ஆடல் மகளிர் இருந்தார்களாம். அந்த எண்ணைச் சொல்லிவிட்டு வழிகாட்டி நிறுத்தினார். பிறகு, 1975க்கும் 1979க்கும் இடையில் அரசவை ஆடல் கலைஞர்களில் பெரும்பாலோர் மாண்டதையும், உயிர் தப்பிய சிலர் தம் உடலின் நினைவிலிருந்தே அடவுகளை மீட்டெடுத்ததையும் சொன்னார். விடுதிகளில் இரவு உணவோடு காட்டப்படும் அப்சரஸ் நடனத்தை அதன்பின் நம்மால் வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை. கொடி பிடித்தவருக்கு இந்த இரண்டு செய்திகளையும் இணைக்கத் தெரியாது. இணைக்க நேரமும் இராது.

அன்று பிற்பகலில், நாம் கேளாமலே, தம் தந்தை பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்றார். அவ்வளவே சொன்னார். 1975 ஏப்ரல் 17க்குப் பின் கம்போடியாவில் ஆசிரியராக இருந்தவர் என்றால் என்ன பொருள் என்பதை அறிய புனோம் பென் போக வேண்டும். துவோல் ஸ்லெங் ஓர் உயர்நிலைப் பள்ளி; வகுப்பறைகளே சித்திரவதைக் கூடங்களாயின. குறைந்தது 14,000 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாடு முழுதும் அந்த நான்காண்டுக்குள் மாண்டவர்கள் 15 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடைப்பட்டோர் என மதிப்பிடுகிறார்கள். 2025இல் அந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கரும்பலகையோடு வாழும் நமக்கு அந்த அறைகளில் நிற்பது எளிதாக இல்லை. ஆனால் தமிழ்ச் சுற்றுலாக் குழுக்கள் பல இதைத் தவிர்த்துவிடுகின்றன. 'மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்' என்பது காரணமாம். ஒரு மக்களின் புகழ் நமக்கு வேண்டும், அதையும் நம் பெயரில். அவர்கள் துயரம் மட்டும் அவர்களுக்கே இருக்கட்டும்!

நமக்கும் அவர்களுக்கும் உள்ள மெய்யான உறவைத் தேடுவோர் தலையற்ற சிலைகளின் முன் நிற்கட்டும். அத்தலைகள் போருக்குப் பிந்திய ஆண்டுகளிலும் அறுக்கப்பட்டு, வணிகர் கைமாறி, மேலை நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கம்போடியாவுக்கு 14 சிற்பங்களைத் திருப்பித் தருவதாக 2023இல் அறிவித்தது. நம் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பியதை மறந்திருக்க மாட்டோம். ஒரே சந்தையில் களவு போன தெய்வங்கள் இவை. இதைச் சொன்னபோது வழிகாட்டி நம்மை நிமிர்ந்து பார்த்து, நடராசர் எந்த ஊர்க்காரர், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கத் தொடங்கினார். இரண்டு நாட்களில் அவர் நம்மைக் கேள்வி கேட்டது அப்போதுதான்.

மறுப்புகளையும் பார்த்துவிடுவோம். வழிகாட்டிகளும் பொய் சொல்வார்கள் என்பது ஒன்று. உண்மைதான், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கம்போடிய வழிகாட்டியும் தம் தேசப்பற்றோடுதான் பேசுவார். பிரியா விகார் கோயில் கம்போடியாவுக்கே என்று 1962இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் எல்லைப் பூசல் ஓயவில்லை. 2025இலும் இரு நாட்டுப் படைகள் மோதிக்கொண்டன. அவர் சொல்வதை நூல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டேவிட் சாண்ட்லரின் கம்போடிய வரலாற்றைப் படித்துவிட்டே போங்கள். ஆனால் அவருடைய சார்பு அவர் மண்ணிலிருந்து வருவது. நாம் அவர் வாயில் திணிக்கும் பொய்யோ நம் ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுபோனது.

காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிப்பதிவு போதாதா என்பது இன்னொன்று. துவோல் ஸ்லெங்கில் போதும். அங்கே பேசாமல் நடப்பதே நன்று. மற்ற இடங்களில் போதாது. ஒலிப்பதிவை மறித்துக் கேட்க முடியாது. அது தன் தந்தையைப் பற்றிச் சொல்வதும் இல்லை.

செலவு என்பது கடைசி மறுப்பு. அங்கோருக்கு ஒரு நாள் நுழைவுச் சீட்டே 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். அதைக் கேள்வியின்றிக் கட்டுகிறவர்கள், பட்டும் மணியும் வாங்கக் கடை கடையாய் ஏறுகிறவர்கள், வழிகாட்டியின் கூலியில் மட்டும் கறார் காட்டுகிறார்கள். நான்கு பேர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் அது தாங்கக்கூடிய தொகையே. கடைக்குக் கூட்டிப்போக வேண்டாம், அந்தக் கமிஷனை நாங்களே சேர்த்துத் தருகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி நாள் மிச்சமாகும். உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

கெமர் பயணி ஒருவர் தஞ்சைக்கு வந்து, இராசராசேச்சரத்தைக் கட்டியவன் எங்கள் மன்னன் என்று நம் வழிகாட்டியிடம் மூன்று முறை கேட்டு ஒப்புதல் வாங்கிப் போனால் நாம் சும்மா இருப்போமா? கண்டனக் கூட்டம் நடத்தமாட்டோமா? அந்த மரியாதையை அவர்களுக்கும் தருவோம். இனி அங்கோர் போகும் நண்பர்கள் இதைக் கட்டியவர் யார் என்று தாராளமாகக் கேளுங்கள். ஒரே ஒரு முறை கேளுங்கள். வரும் விடையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.