கறுப்பு உடைக்குள் ஒரு காதல் குரல்

2025 ஜூலை 30 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர வீதியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றனர். 'பிளாக் சபாத்' குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் இறுதி ஊர்வலம் அது. பித்தளை வாத்தியக் குழு ஒன்று முன்னே செல்ல, கறுப்பு உடை அணிந்த இளைஞர்களும் நரைத்த தலையினரும் கண்ணீரோடு மலர் தூவினர். ஜூலை 5 அன்று அதே நகரின் வில்லா பார்க் மைதானத்தில் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தபடி தம் கடைசிக் கச்சேரியைப் பாடிய அவர், அடுத்த 17 நாட்களில் மறைந்தார். உலகின் முன்னணிச் செய்தித்தாள்கள் அவருக்கு அஞ்சலி செலுத்தின.

இந்த மரியாதை எளிதில் வந்ததல்ல. இதே பாடகரின் பாட்டுதான் தங்கள் மகனைத் தற்கொலைக்குத் தூண்டியது என்று 1980-களில் கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பம் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 1985-இல் ராக் பாடல்களின் 'தீய' வரிகள் குறித்து அமெரிக்க செனட் குழு விசாரணையே நடத்தியது. 1990-இல் நெவாடா மாநிலத்தில் 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழு, பாடலுக்குள் மறைவாகச் சாவை ஏவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நீதிமன்றக் கூண்டு வரை போய் மீண்டது. அன்று சாத்தானின் இசை என்று தூற்றப்பட்டது, இன்று ஒரு நகரத்தின் பெருமை.

மறைந்தவருக்குத் தாமதமாக மாலை சூட்டுவது உலக வழக்கம். ஆனால், இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த இசையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர்கள் அதை முழுமையாகக் கேட்டார்களா? தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதியவர்கள், அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அறிய முயன்றார்களா? இதற்கு விடை தேட ஓர் இசைத்தொகுப்பு உதவும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த 'டைப் ஓ நெகட்டிவ்' குழு 1996 ஆகஸ்டில் வெளியிட்ட 'அக்டோபர் ரஸ்ட்' அது. கோதிக் மெட்டல் என்ற வகையில் இன்றும் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் இத்தொகுப்புக்கு 2026 ஆகஸ்டில் முப்பது ஆண்டுகள் நிறைகின்றன.

வேகம் குறைந்தபோது

ஹெவி மெட்டல் என்றாலே காதைப் பிளக்கும் வேகம் என்பது பொதுவான எண்ணம். அதன் பிறப்போ மெதுவான இசையில்தான் நிகழ்ந்தது. பிளாக் சபாத்தின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் பர்மிங்காமின் உலோகத் தகட்டு ஆலையில் வேலை செய்தபோது, இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே செய்துகொண்ட விரலுறைகளோடு வாசித்த அவர், பின்னாளில் விரல்களுக்கு இதமாகத் தந்திகளின் முறுக்கைத் தளர்த்தினார். சுருதி இறங்கியது; ஒலி கனத்தது. தொழிற்சாலை நகரத்தின் ஒரு காயம், இருண்டு நிதானமாக நகரும் புதிய ஓசைக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

1990-களின் தொடக்கத்தில் 'பாரடைஸ் லாஸ்ட்', 'மை டையிங் பிரைட்' முதலிய ஆங்கிலேயக் குழுக்கள் அந்தக் கனத்த ஓசையோடு, சோகம் தோய்ந்த கோதிக் ராக்கின் மனநிலையைக் கலந்தன. அட்லாண்டிக்கின் மறுகரையில் அதே திசையில் நடந்தது டைப் ஓ நெகட்டிவ். அதன் பாடகரும் பேஸ் கித்தார் கலைஞருமான பீட்டர் ஸ்டீல், ஆறடி எட்டு அங்குல உயரம், இடுப்பளவு நீண்ட கருங்கூந்தல், நிலவறையிலிருந்து எழுவது போன்ற அடிக்குரல் என ஒரு பேய்க்கதைப் பாத்திரம் போலவே மேடையில் தோன்றுவார். முழுநேரப் பாடகராவதற்கு முன் அவர் நியூயார்க் மாநகரப் பூங்காத் துறையின் ஊழியர்.

'அக்டோபர் ரஸ்ட்' தொகுப்பில் 72 நிமிடங்களுக்கு மேல் ஓடும் இசை உள்ளது. தொடக்கத்தில் 38 வினாடிகளுக்கு ஒலிப்பெருக்கி பழுதானதுபோல் ஓர் இரைச்சல் மட்டுமே கேட்கும். பதறிப்போய் நாம் கருவியைச் சோதிக்கும் நேரத்தில், குழுவினர் சிரிப்பை அடக்க முடியாமல் நமக்கு வணக்கம் சொல்கிறார்கள். எல்லாம் வேடிக்கை. அந்தச் சிரிப்பு அடங்கியதும் ஒரு பியானோ தனியாக ஒலிக்கத் தொடங்குகிறது. அதுதான் 'லவ் யூ டு டெத்'.

ஏழு நிமிடம் நீளும் அந்தப் பாடலில் அச்சுறுத்தல் ஏதுமில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் முன் நிற்கும் ஆண், தன் காதலைப் பிரகடனம் செய்துகொண்டே போய், கடைசியில் தான் அவளுக்குத் தகுதியானவன்தானா என்ற ஐயத்தில் முடிக்கிறான். கித்தார்களின் ஓசை மேலும் மேலும் அடுக்கப்பட்டுப் பெருஞ்சுவராக எழுகிறது. அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும் குரலோ கெஞ்சுகிறது. மெட்டலின் வலிமையை இறுமாப்புக்குப் பயன்படுத்தாமல் பணிவுக்குப் பயன்படுத்தியதே இத்தொகுப்பின் தனித்தன்மை.

துருவின் நிறம்

தொகுப்பின் பெயரிலேயே ஒரு பருவம் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் அக்டோபர் என்பது இலைகள் துருவின் நிறத்துக்கு மாறி உதிரும் காலம். 'கிரீன் மேன்' என்ற பாடல் பருவங்களின் சுழற்சியை, மரஞ்செடி கொடிகளின் தெய்வமாக ஐரோப்பியர் உருவகித்த பசுமை மனிதனின் குரலில் சொல்கிறது. பச்சைச் சீருடையில் பூங்காவுக்கு வந்த ஸ்டீலை அங்கே விளையாடிய சிறுவர்கள் அப்பெயரால்தான் அழைத்தார்கள் என்பது இப்பாடலின் பின்கதை. 'பர்ன்ட் ஃபிளவர்ஸ் ஃபாலன்' காதல் வற்றிப்போனதை உணரும் ஒருவனின் புலம்பல். பத்து நிமிடம் நீளும் 'ஹாண்டட்' இரவில் வந்துபோகும் ஓர் ஆவியின் மீதான ஏக்கம். காதலையும் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் பாடிய மரபில் வந்த தமிழ் வாசகருக்கு, இந்தச் சேர்க்கை அந்நியமாகத் தோன்றாது.

எல்லாவற்றிலும் மேலானது 'ரெட் வாட்டர்'. கிறிஸ்துமஸ் பாடல் என்ற வடிவத்தில் எழுதப்பட்ட இரங்கல் அது. தந்தை மறைந்தபின் வந்த பண்டிகை நாளில், விருந்து மேசையில் இருக்கைகள் குறைந்திருப்பதை ஒரு மகன் பார்க்கிறான். ஊரெல்லாம் மணி ஒலிக்கும் நாளில் வெறுமையான நாற்காலிகள் மட்டும் கண்ணில் படுகின்றன. கீபோர்டில் கிறிஸ்துமஸ் கீதங்களின் சாயல் வந்துபோகிறது. அதன் மேல் கித்தார் ஒரு பிரேத ஊர்வலத்தின் நடையில் நகர்கிறது. வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்த ஆண்டின் பண்டிகையை அறிந்த எவருக்கும் இந்தப் பாடலுக்கு உரை தேவையில்லை.

இங்கே மெதுவான நடை வெறும் பாணியல்ல. துக்கத்துக்கும் காதலுக்கும் பொதுவான தேவை நேரம். மூன்று நிமிடத்தில் முடித்தாக வேண்டும் என்ற வானொலிக் கணக்கை இந்தப் பாடல்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. முதல் அரை நிமிடத்தில் கேட்பவரைப் பிடித்தாக வேண்டும் என்ற இன்றைய திறன்பேசிக் கணக்குக்கும் அவை ஒத்துவருவதில்லை. முன்னுரை நீள்கிறது, குரல் தாமதமாக வருகிறது, ஒரே சொற்றொடர் மீண்டும் மீண்டும் திரும்புகிறது. பொறுமை இழந்தவர் விலகிவிடலாம். தங்கியவருக்கு, தன் சொந்த இழப்பை எடுத்து வைத்துப் பார்ப்பதற்கு ஓர் இடம் கிடைக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பீட்டர் ஸ்டீல் புனிதர் அல்லர். 1991-இல் வந்த இக்குழுவின் முதல் தொகுப்பு, துரோகம் செய்த காதலியைப் பழிவாங்கும் வெறியின் நீண்ட உளறல். அதன் வரிகளுக்காகவும் அதற்கு முந்தைய குழுவில் அவர் எழுதியவற்றுக்காகவும் ஐரோப்பாவில் நிறவெறியர், நாஜி ஆதரவாளர் என்றெல்லாம் கண்டனம் எழுந்தது. குழுவின் கீபோர்டு கலைஞரும் தயாரிப்பாளருமான ஜாஷ் சில்வர் யூதர் என்பதைச் சுட்டிக்காட்டி அவர்கள் மறுத்தாலும், அந்த வரிகளின் கரடுமுரடு மறைந்துவிடவில்லை. 'அக்டோபர் ரஸ்ட்' தொகுப்பிலும் பெண்ணை ஆசையின் உருவமாக மட்டும் பார்க்கும் பாடல்கள் உண்டு. ஆனால், பழிவாங்கலிலிருந்து மன்றாடலுக்கு, வசையிலிருந்து ஒப்பாரிக்கு ஒரு கலைஞன் ஐந்தே ஆண்டுகளில் நகர்ந்திருக்கிறான். காயம்பட்ட ஆணுக்குச் சினம் தவிர வேறு மொழியும் உண்டு என்பதை, சினத்தையே அடையாளமாகக் கொண்ட ஓர் இசைக்குள்ளிருந்து அவன் காட்டினான். அழும் ஆணை ஏளனம் செய்யும் சமூகங்களுக்கு இது சிறிய செய்தியல்ல.

தோற்றத்துக்குத் தரப்பட்ட தண்டனை

அந்த இசையின் சட்டையை அணிந்தவர்கள் கொடுத்த விலையையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1993 மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வெஸ்ட் மெம்பிஸ் என்ற ஊரில் எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொல்லப்பட்டனர். கைதான மூன்று பதின்வயது இளைஞர்களில் ஒருவர் டேமியன் எக்கோல்ஸ். அவருடைய கறுப்பு உடையும், மெட்டல் இசை ஆர்வமும், படித்த திகில் நூல்களும் சாத்தான் வழிபாட்டின் அறிகுறிகளாக நீதிமன்றத்தில் அடுக்கப்பட்டன. கொலை நடந்த இடத்தோடு அவர்களைப் பிணைக்கும் உறுதியான தடயம் இல்லாத வழக்கில், பல மணி நேர விசாரணைக்குப் பின் மூவரில் ஒருவரிடம் பெறப்பட்ட முரண்பாடான வாக்குமூலமும் இந்த அச்சமுமே முன்னின்றன. 1994-இல் எக்கோல்ஸுக்கு மரண தண்டனை. மற்ற இருவருக்கு ஆயுள். இவ்வழக்கைப் பற்றிய முதல் ஆவணப்படம் வெளிவந்தது 1996-இல், 'அக்டோபர் ரஸ்ட்' வெளியான அதே ஆண்டில். பின்னர் நடந்த மரபணுச் சோதனைகளில் மூவரின் தடயமும் கிடைக்கவில்லை. 2011 ஆகஸ்டில், தாங்கள் நிரபராதிகள் என்ற நிலையிலிருந்து மாறாமலேயே குற்ற ஏற்புக்கு வழிசெய்யும் ஒரு விசித்திரமான சட்ட ஏற்பாட்டின்கீழ் அவர்கள் வெளியே வந்தனர். அதற்குள் 18 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பேக்கப் என்ற சிற்றூரில் 2007 ஆகஸ்டில் நடந்தது இன்னும் கொடியது. கோதிக் பாணியில் உடுத்தியிருந்த சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண்ணும் அவருடைய காதலரும் பூங்கா ஒன்றில் இளைஞர் கும்பலால் தாக்கப்பட்டனர். கீழே விழுந்த காதலரின் தலையைத் தம் மடியில் தாங்கிக் காத்தபோது சோஃபியும் மிதிபட்டார். நினைவு திரும்பாமலே இறந்தார். அவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. வேறுமாதிரி உடுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். இந்தக் கொலைக்குப் பின் எழுந்த இயக்கத்தின் விளைவாக, 2013-இல் மான்செஸ்டர் பெருநகரக் காவல் துறை, இத்தகைய இசை, உடைக் குழுக்களைச் சேர்ந்தோர் மீதான தாக்குதலை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. பிரிட்டனில் அவ்வாறு செய்த முதல் காவல் துறை அது.

ஆர்கன்சாவின் சான்றோரும் பேக்கப்பின் ரவுடிகளும் ஒன்றல்லர். ஆனால், இரு தரப்பும் பார்த்தது ஒன்றைத்தான்: கறுப்புத் துணி. அதற்கப்பால் இருந்த மனிதரைக் காண இரு தரப்புமே நேரம் ஒதுக்கவில்லை.

மரணத்தையும் சோகத்தையும் ஓயாமல் பாடும் இசை, தளர்ந்த மனத்தை மேலும் தளர்த்திவிடாதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வாடிப்போயிருக்கும் பிள்ளைக்குத் தேவை நம் கவனமும் தக்க மருத்துவ உதவியும். இசைத்தட்டு அதற்கு மாற்றாகாது. அதேபோல், இசைத்தட்டைப் பறிப்பதும் அதற்கு மாற்றாகாது. அந்தப் பிள்ளை எதைக் கேட்கிறது என்று உடன் அமர்ந்து கேட்பது, உரையாடலின் முதல் சொல்லாக அமையலாம்.

பீட்டர் ஸ்டீல் 2010 ஏப்ரல் 14 அன்று 48-ஆவது வயதில் மறைந்தார். போதைப் பழக்கத்தோடும் மனச்சோர்வோடும் நீண்ட காலம் போராடியவர். அவரோடு அந்தக் குழுவும் முடிந்தது. பர்மிங்காம் ஆஸிக்குத் தந்தது போன்ற ஊர்வலம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால், ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலம் வரும்போது 'அக்டோபர் ரஸ்ட்' தொகுப்பைத் தேடிக் கேட்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இதுவரை கேட்டிராதவர்கள், ஓர் இரவு விளக்கைக் குறைத்துக்கொண்டு முழுத் தொகுப்பையும் கேட்டுப் பார்க்கலாம். பிடிக்காமல் போகவும் கூடும். கடைசிப் பாடல் முடிந்ததும் குழுவினர் மீண்டும் ஒருமுறை பேசுகிறார்கள். எங்களிடம் இருந்தது இவ்வளவுதான், உங்களுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்திருக்காது என்று நம்புகிறோம் எனக் கூச்சத்தோடு சொல்லி விடைபெறுகிறார்கள். சாத்தானின் தூதர்கள் என்று சிலர் அஞ்சிய மனிதர்களின் பேச்சு அது.