முதலீடு யாருடைய கடமை?

“மலையகப் பெற்றோர் கல்வியின் பெறுமதியை அறியாதவர், அது செலவன்று, முதலீடு என்பதை அவர்களுக்கு உணர்த்தல் வேண்டும்” என்று நம்மிடையே சிலர் உபதேசிக்கின்றனர். வலப்பனைப் பிரதேசத்து இராகலைப் பக்கம் ஒருமுறை சென்று, லயன் காம்பராவில் காதுத்தோட்டை அடகு வைத்துப் பிள்ளையின் கட்டணத்தைச் செலுத்தும் தாயிடம் இவ்வுபதேசத்தைச் செய்து பார்ப்பார்களாக!

மனித மூலதனம் என்னும் கருத்தைத் தியோடர் சுல்ஸ் 1960 இல் அமெரிக்கப் பொருளியற் சங்கத் தலைமையுரையில் முன்வைத்தார்; கரி பெக்கர் 1964 இல் நூலாக விரித்தார். ஆயினும், மனித மூலதனம் கடனுக்கு ஈடாக வைக்கத் தகுந்ததன்று என்பதைப் பெக்கரே ஏற்றுக்கொண்டார். தோட்டை அடகுக் கடை ஏற்கும். பிள்ளையின் அறிவை எந்த வங்கியும் ஏற்காது. ஆதலின், வறியவர் எவ்வளவு விரும்பினும் போதிய அளவு முதலிட இயலாது. இது அறியாமையன்று, சந்தையின் குறைபாடு. அக்குறையை நிரப்புவது அரசின் கடமை.

இக்கடமையின் வரலாறு நம் நாட்டில் எத்தகையது? 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பாடசாலை அதற்குப் புறம்பாகவே நின்றது. அரசு அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. ஒரு தலைமுறை இடையில் இழக்கப்பட்டது.

இன்றும் இலவசக் கல்வி முதலாம் தரத்திலேதான் தொடங்குகின்றது. ஆனால், இளமைப் பருவ முதலீடே மிகுந்த பயன் தரும் என்பது ஜேம்ஸ் ஹெக்மனின் முடிபு. அதற்கு ஆதாரமான ஆய்வுகளுள் ஒன்று, 1962 இல் மிச்சிகன் மாநிலத்தில் வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளைக் கொண்டு தொடங்கியது. அங்கு முன்பள்ளியிற் பயின்ற பிள்ளைகளின் தாய்மார் கட்டணம் செலுத்தவில்லை என்பதை நமது உபதேசிகள் மறந்துவிடுகின்றனர்.

2024 இல் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. முன்பள்ளிக் கட்டணம் மாதம் அத்தொகையே எனக் கொண்டாலும், ஒரு நாள் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்து அதற்கே சரியாகிவிடும். பின்னர் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பிரத்தியேக வகுப்புச் செலவு. அடித்தளமிடும் வயதிற் கைவிடப்பட்ட பிள்ளைக்குப் பத்து வயதிற் பணத்தைக் கொட்டுமாறு பெற்றோரை நெருக்குவது யார்? பரீட்சையை அமைத்தவர்களே அன்றோ!

அரசிடம் நிதியில்லை என்பர். 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை வேரூன்றியது முதல் இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்களின் பிள்ளைகளுக்கு இப்பதில் பொருந்தாது. கன்று கொழுந்து தரும்வரை ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து செலவிடத் தோட்ட முதலாளிக்குத் தெரிந்திருந்தது. தொழிலாளியின் பிள்ளைக்கு அக்காத்திருப்பு மறுக்கப்பட்டது.

எனவே, முன்பள்ளி இலவசக் கல்வியின் பகுதியாதல் வேண்டும். பயிற்சி பெற்ற தமிழ்மொழி ஆசிரியைக்கு அரசே சம்பளம் வழங்குதல் வேண்டும். இலவசக் கல்வியால் இப்பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த நாம், அத்தாய்க்கு உபதேசம் செய்வதை விடுத்து, அவளது கோரிக்கையை அரசின் முன் வைப்போமாக.