பரீட்சார்த்தியா, வாசகனா? – இளையோருக்கான நூற்றெரிவு பற்றிச் சில சிந்தனைகள்

எமது பொதுசன நூலகங்களிலே சிறுவர் பகுதி உண்டு. வளர்ந்தோர் பகுதி உண்டு. பத்திரிகைப் பகுதி உண்டு. பதினாறு தொடக்கம் பத்தொன்பது வயது வரையிலானோருக்கு என்ன உண்டு என வினவின், பல இடங்களில் எமக்குக் காட்டப்படுவது ஓர் அலுமாரியே. க.பொ.த. உயர்தரக் கடந்தகால வினாத்தாட் தொகுப்புகளும், மாதிரி விடைகளும், வழிகாட்டி நூல்களும் அதிலே அடுக்கப்பட்டிருக்கும். அவ்வயதினர் பற்றி எமது சமூகம் கொண்டுள்ள கருத்து அந்த அலுமாரியிலே தெளிவாகப் புலப்படுகின்றது. அவர்கள் பரீட்சார்த்திகள், அதற்கு மேல் எதுவுமில்லை. இக்கருத்து தவறானது என்பதும், நூற்றெரிவு என்னும் தமது முதற் கடமையைக் கைவிட்டதன் மூலம் நூலகங்களும் இத்தவறுக்கு உடந்தையாகிவிட்டன என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. ஆயினும், இந்நூல் விநியோகம் 11 ஆம் தரத்துடன் நின்றுவிடுகின்றது. உயர்தர வகுப்பினுட் புகும் மாணவனுக்கு இலவசப் பாடநூல் இல்லை. ஒரு விடயத்தைப் பல நூல்களிற் படித்து, ஒப்புநோக்கி, தானே ஒரு முடிவுக்கு வரும் ஆற்றல் எந்த வயதில் முதிர்கின்றதோ, அந்த வயதிலேயே அவன் கையிலிருந்து நூல் நழுவிவிடுகின்றது. தமிழ் மொழிமூலம் அளவையியலோ அரசறிவியலோ புவியியலோ பயிலும் கலைப்பிரிவு மாணவனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவன் நாடத்தக்க தமிழ் நூல்கள் மிகச் சிலவே. இவ்வெற்றிடத்தைத் தனியார் கல்வி நிலையங்களின் குறிப்புகள் நிரப்பின. நூலகம் ஆற்றவேண்டிய பணி இங்கேதான் இருந்தது. நூலகங்களோ அதே குறிப்புகளின் அச்சிட்ட வடிவங்களை வாங்கி அடுக்குவதோடு அமைதி கண்டன.

“மாணவர் கேட்பதைத்தானே நாம் வாங்குகின்றோம்” எனச் சிலர் கூறுவர். இவ்வாதம் மேலோட்டமானது. வேறு எதையும் கண்டிராதவன் வேறு எதைக் கேட்பான்? அன்றியும், உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுவோருள் அரச பல்கலைக்கழகம் புகுவோர் சிறுபான்மையினரே. அனுமதிக்கான குறைந்தபட்சத் தகைமை பெற்றோருட் பலருக்கும் இடமில்லை. இவ்வுண்மையை அறிந்தும், புகுவோர் சிலருக்கான நூல்களை மட்டும் வாங்கும் நூலகம் எஞ்சிய பெரும்பான்மையினரை என்ன செய்கின்றது? பரீட்சை முடிந்த மறுநாள் அவர்களுக்கு அவ்வலுமாரி வெறும் தாட்குவியல். தோட்டத்திலிருந்து கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஊழியர் சேமலாப நிதி என்றால் யாது, மேலதிக நேரக் கொடுப்பனவு எவ்வாறு கணிக்கப்படுகின்றது என எளிய தமிழிற் கூறும் ஒரு நூல் வேண்டும். முகவர் ஒருவரை நம்பி வளைகுடா நாட்டிற்குப் புறப்பட ஆயத்தமாகும் இளைஞனுக்கு, தான் ஒப்பமிடும் ஒப்பந்தத்தைப் படித்தறிய உதவும் ஒரு கைந்நூல் வேண்டும். உடல்நலம், மனநலம், கடன், சட்டம், தொழிற்பயிற்சி ஆகியன பற்றி நம்பத்தக்க தமிழ் நூல்களைத் தேடி வாங்குதல் எந்நூலகத்தின் திட்டத்திலே இடம்பெற்றுள்ளது?

நூல்கள் தட்டுக்கு வந்து சேரும் முறையையும் நோக்குதல் வேண்டும். ஒரு பகுதி நன்கொடையாக வருவது. யாரோ ஒருவருடைய வீட்டில் இடம் போதாமற் கழிக்கப்பட்டது. மற்றொரு பகுதி, அதிக விலைக்கழிவு தரும் விற்பனையாளரிடமிருந்து கட்டாக வாங்கப்படுவது. இரண்டிலும் தெரிவு என்பதற்கு இடமில்லை. அவ்வாறு வந்தவை பின்னர் வெளியேறுவதுமில்லை. 1991 இல் மறைந்துபோன சோவியத் ஒன்றியத்தை ஒரு நாடாகக் காட்டும் தேசப்படமும், 2006 இல் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்ட புளூட்டோவை ஒன்பதாவது கோளாகக் கூறும் விஞ்ஞான நூலும் தட்டிலே நிலைத்திருந்தால், அவை மாணவனுக்கு அறிவூட்டுவதற்குப் பதிலாக அவனை ஏமாற்றுகின்றன. ஆனால், ஆண்டுக் கணக்கெடுப்பிலே ஒரு நூல் குறைந்தால் நூலகர் பதில் கூறவேண்டும். ஒரு நூல் காலங்கடந்ததானால் எவரும் பதில் கூறவேண்டியதில்லை. நூலகரை மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. எண்ணிக்கையை மட்டும் கேட்கும் நிருவாகம் எண்ணிக்கையை மட்டுமே பெறும்.

ஒழுக்கத்தின் பெயரால் எழுப்பப்படும் தடை இன்னொன்று. காதல், சாதி, போர், உடல் ஆகியவை பற்றிப் பேசும் படைப்புகள் இவ்வயதினருக்கு உகந்தவையல்ல என்பது எம்மிடையே ஊறிப்போன எண்ணம். கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972 இல் வெளிவந்தது. சாதியமைப்புப் பற்றி மாணவன் வகுப்பறையிற் குறிப்பெழுதலாமாம். அவ்வமைப்பின் கொடுமையைக் கலையாக்கிய நாவலை மட்டும் வாசிக்கலாகாதாம்! பதினெட்டு வயதில் நாட்டின் அரசாங்கத்தைத் தெரிவுசெய்யும் உரிமையை அரசியலமைப்பு அவனுக்கு வழங்குகின்றது. அதே வயதில் ஒரு நாவலைத் தெரிவுசெய்யும் உரிமையை நாம் மறுக்கின்றோம். தட்டிலிருந்து நூலை மறைப்பதால் வாழ்க்கையை மறைக்க முடியாது. அதனை விளங்கிக்கொள்ளும் துணையைத்தான் மறைக்க முடியும்.

“கைப்பேசியிலே எல்லாம் இருக்கின்றனவே, இனி நூலகம் எதற்கு?” என்பது இன்றைய கேள்வி. எல்லாம் இருப்பதனாலேயே தெரிவு இன்றியமையாததாகின்றது. கைப்பேசியிலும் தெரிவு நிகழ்கின்றது; அதனைச் செய்வோர் விளம்பரத்தால் வருவாய் ஈட்டும் நிறுவனத்தினர். எந்தக் காணொளி மாணவனை நெடுநேரம் நிறுத்திவைக்குமோ அதுவே அவன் முன் வைக்கப்படும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ பிழையான ஆண்டையும் சரியான ஆண்டையும் ஒரே உறுதியுடன் கூறவல்லவை. இந்நிலையில், நாடாவை வெட்டிக் கணினி அறையைத் திறந்துவைப்பதுடன் கடமை முடிந்ததெனக் கருதுதல் பேதைமை.

எண்ணிம வளங்கள் எமக்கு இல்லாமலில்லை. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி எவரும் இலவசமாகப் படிக்க வழிசெய்துள்ளது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தருகின்றது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் உண்டு. இவற்றுள் எது எப்பாடத்துக்கு, எவ்வாசகனுக்கு உதவும் என ஆராய்ந்து ஒரு பட்டியலாவது தயாரித்து வைத்திருக்கும் நூலகங்கள் எத்தனை? எழுதியவர் யார், எப்போது திருத்தப்பட்டது, தமிழ் பிழையற்றதா, பாமினி எழுத்துருவிற் கிடக்கும் பழைய ஆவணம் போலன்றிச் சொல்லைத் தேடிக் காணக்கூடியதா, இணைய இணைப்பின்றிப் பயன்படுத்தப் பதிவிறக்கி வைக்கலாமா ஆகிய வினாக்கள் ஒவ்வொரு வளத்தின் மீதும் எழுப்பப்பட வேண்டியவை. இறுதி வினா மிக முக்கியமானது. 2020 இல் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை தேடி மேட்டிலும் மரத்திலும் ஏறிய மாணவரை நாடு கண்டது. அவர்களுக்கு இணைய முகவரியைக் கொடுத்தல் உதவியாகாது. நூலகத்தில் அதனை இறக்கிவைத்துக் கொடுத்தலே உதவி.

பணமில்லை என்பர். 2022 இல் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் மறக்கவில்லை. நூல்களின் விலை உயர்ந்திருப்பதும் மெய்யே. பணம் குறையுந்தோறும் தெரிவின் தேவை கூடுமேயன்றிக் குறையாது. நாம் கேட்பவை பெருஞ் செலவுக்குரியனவுமல்ல. ஒவ்வொரு நூலகமும் இளையோருக்கான நூற்றெரிவுக் கொள்கையை எழுத்தில் வகுத்துப் பகிரங்கப்படுத்துக. தெரிவுக் குழுவிலே அவ்வயது மாணவர் இருவருக்கேனும் இடமளிக்குக. நூற்கொள்வனவு நிதியில் ஒரு குறித்த பங்கைப் பரீட்சைக்குப் புறம்பான நூல்களுக்கு ஒதுக்குக. நன்கொடையை நன்றியுடன் ஏற்று, உகந்தவற்றை மட்டும் தட்டில் வைக்குக. காலங்கடந்தவற்றை ஆண்டுதோறும் நீக்கும் அதிகாரத்தை நூலகருக்கு வழங்குக. நூலக விஞ்ஞானத்தின் தந்தையென இந்தியாவிற் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய நூல் உண்டென்பதை 1931 இலேயே ஒரு விதியாக நிறுவினார். யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் திட்டமிடலுக்கு ஆலோசனை கூறியவரும் அவரே.

அந்நூலகம் 1933 இல் கே. எம். செல்லப்பா தமது இல்லத்திலே தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 என்பர். ஆண்டுதோறும் நாம் அதனை நினைவுகூருகின்றோம், நினைவுகூரத்தான் வேண்டும். ஆயின், எரிந்த நூல்களுக்காக வருந்தும் சமூகம், எரியாதிருக்கும் தட்டுகளிலே எதனை வைத்திருக்கின்றது எனவும் கேட்டல் வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி நாளை அத்தட்டின் முன் வந்து நிற்கும்போது, அவள் கைக்கு எட்டுவது கடந்த ஆண்டு வினாத்தாள் மட்டுமாயின், நெருப்பின் மீது மட்டும் பழிபோட எமக்கு உரிமையில்லை.