139

பி.ஏ. பட்டத்துக்கு 140 கிரெடிட் வேண்டும். என்னிடம் 139 இருக்கிறது. மேஜர் பேப்பரில் ஒரு அரியர் கிடையாது, ஆங்கிலத்தையும் முதல் தடவையிலேயே தாண்டிவிட்டேன். பாக்கி நிற்பது பகுதி ஐந்தில் விரிவாக்கப் பணி என்று ஒரு கிரெடிட். அதாவது சமூக சேவை. மூன்று வருடத்தில் நான் சமூகத்துக்கு எதுவும் செய்யவில்லை என்று என் கல்லூரி எழுதிவைத்திருக்கிறது.

ஏன்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு நான் வரவில்லையாம். ஏழு நாளும் ஆப்சென்ட். அந்த முகாம் எங்கே நடந்தது தெரியுமா? எங்கள் ஊரில். என் கல்லூரி தத்தெடுத்த கிராமம் எங்கள் ஊர்தான்.

என் அம்மா ஊராட்சியில் தூய்மைக் காவலர். மாதம் 5000 ரூபாய் மதிப்பூதியம். 2023-க்கு முன்னால் அது 3600. விடிந்ததும் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக நிற்க வேண்டும். மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காதது நீலத் தொட்டியில் என்பதெல்லாம் சுவரில் எழுதியிருக்கும் வாசகம். கையில் வந்து விழுவது எல்லாம் கலந்த ஒரே மூட்டை. அதை அம்மாதான் பிரிக்க வேண்டும்.

முகாமுக்கு முந்தின நாள் அம்மாவை ஊராட்சியிலிருந்து கூப்பிட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் தங்கப்போகும் தொடக்கப் பள்ளியின் பின்பக்கம் ஒரே புதர். அதை வெட்டி, பெருக்கி, பிள்ளைகள் வருமுன் பார்க்கிற மாதிரி ஆக்க வேண்டும். சுத்தம் செய்ய வருகிறவர்களுக்காக முன்கூட்டியே சுத்தம் செய்ய ஒரு ஆள். புதருக்குள் யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட குவாட்டர் பாட்டில். அம்மாவின் வலது உள்ளங்கை பெருவிரல் அடிவரைக்கும் கிழிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தையல் போட்டு, தண்ணீர் படக்கூடாது என்று அனுப்பினார்கள். ஒற்றைக் கையால் வண்டி தள்ள முடியாது. போகாத நாளுக்குப் பணம் பிடிப்பார்கள். ஒரு வாரம் வராவிட்டால், அந்த இடத்துக்குக் காத்திருக்கிறவர்கள் ஊரில் இல்லாமலா இருக்கிறார்கள்?

நான் போனேன். அம்மாவின் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு அந்த வாரம் முழுக்க விடியற்காலையில் வண்டி தள்ளியது நான்தான். பள்ளிக்கூட வாசலிலும் தினம் நிற்பேன். முந்தின ராத்திரிச் சாப்பாட்டின் பாக்குமட்டைத் தட்டுகள், பேப்பர் கப்புகள், தண்ணீர் பாட்டில்கள், மிச்சமான தக்காளி சாதம் எல்லாம் ஒரே கருப்புப் பையில் கட்டி வைத்திருப்பார்கள். குப்பையைப் பிரித்துப் போடுவது பற்றி முதல்நாள்தான் அங்கே கருத்தரங்கம் நடந்தது. என் வகுப்புத் தோழிகளில் ஒருத்தி என்னைப் பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், நானும் குனிந்துகொண்டேன்.

அதை முடித்து, குளித்து, பஸ் பிடித்து டவுனுக்குப் போனால் ஜவுளிக்கடை. பொங்கல் சீசன். சீசனில் லீவு கேட்டால் ‘அப்படியே நின்னுக்கம்மா’ என்பார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. பரீட்சை ஃபீஸும் புத்தகமும் அதில்தான். வீட்டு வாடகையும் தம்பி படிப்பும் அதில் அடங்காது. கடை ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது. உட்கார்ந்தால்தான் சூப்பர்வைசர் வருவார்.

நாலாம் நாள் விழிப்புணர்வுப் பேரணி. கையில் அட்டை பிடித்துக்கொண்டு, ‘சுத்தம் சோறு போடும்’ என்று கோஷம் போட்டுக்கொண்டு எங்கள் தெரு வழியாக வந்தார்கள். எங்கள் தெருவில் சாக்கடைக் கால்வாய் இன்னும் கட்டவில்லை; மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போன சமாச்சாரம். மேலத்தெருவுக்கு எப்போதோ வந்துவிட்டது. எங்களுக்கு வராதது கால்வாய், எங்களுக்குச் சொல்லித்தந்தது சுத்தம். கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்: “ஆமா, எனக்கு அதான் சோறு போடுது.”

முகாமே வீண் என்று நான் சொல்லவில்லை. 2015 வெள்ளத்தில் எத்தனை கல்லூரிப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள் என்று நாடே பார்த்தது. எங்கள் ஊரிலும் கண் சிகிச்சை முகாமில் இரண்டு பாட்டிகளுக்குக் கண்புரை கண்டுபிடித்து அனுப்பினார்கள். கால்நடை முகாமில் எங்கள் ஆட்டுக்கு ஊசி போட்டார்கள். முகாமை நடத்திய திட்ட அலுவலரும் கெட்டவர் அல்ல. ஏழு நாளுக்கும் சேர்த்து ஆளுக்கு 450 ரூபாய்தான் என்று இந்தத் திட்டத்தில் பல வருடம் ஓடியிருக்கிறது. ஒரு நாளைக்கு 65 ரூபாய்கூட வராது. அதில் ஐம்பது பேருக்கு மூன்று வேளை சோறு போட வேண்டியவர் எங்கெங்கே கை நீட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில்.

என் வகுப்பில் ஒரு பையன். தொடக்க விழாவுக்குப் பைக்கில் வந்தான், நிறைவு விழாவுக்கு வந்தான். நடுவில் அவனைக் காணவே இல்லை. விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுத் துடைப்பத்தைப் பிடித்து, நான் ஒரு மணி நேரம் முன்னால் கூட்டிவிட்டுப் போன அதே தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டான். ஜிபிஎஸ் மேப் கேமராவில் எடுத்த படம். கீழே தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் விழும். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் கமிட்டி வந்தால் கேட்கும் ஆதாரம் அதுதான், அதனால் கல்லூரிக்கும் அதுதான் வேலை. அவனுக்கு முழு மணி நேரமும் போட்டு, கிரெடிட்டும் கொடுத்து, சான்றிதழும் கொடுத்தாயிற்று.

நான் திட்ட அலுவலரிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “அது உங்க அம்மா வேலைம்மா. அதுக்கு நான் எப்படி ஹவர்ஸ் போடுறது?”

சார், அப்படியானால் அந்தப் பையன் செய்தது யார் வேலை? அதே தெரு, அதே குப்பை. அவன் தொட்டால் சேவை, நான் தொட்டால் குலத்தொழிலா? 2018-ல் மத்திய அரசு தூய்மை இந்தியா கோடைக்காலப் பயிற்சி என்று ஒன்று கொண்டுவந்தது. கிராமத்தில் 100 மணி நேரம் தூய்மைப் பணி செய்தால் 2 கிரெடிட் தரலாம் என்று யூஜிசியே சொன்னது. அந்தக் கணக்கில் என் அம்மா இதுவரை எத்தனை பட்டம் வாங்கியிருக்க வேண்டும்? இந்த நாட்டு நலப்பணித் திட்டமே 1969-ல், காந்தி நூற்றாண்டில், கக்கூஸைத் தானே கழுவிய மனுஷன் பெயரைச் சொல்லி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. விருப்பப்பட்டவர் வரட்டும் என்றுதான் தொடங்கினார்கள். பிறகு கிரெடிட்டோடு முடிச்சுப் போட்டார்கள். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ஒய்.ஆர்.சி., விளையாட்டு, ஏதாவது ஒன்றில் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். எல்லாமே வகுப்பு முடிந்த பிறகு, இல்லாவிட்டால் விடுமுறையில். அதாவது நான் கடையில் நிற்கிற நேரத்தில். சம்பளமில்லாமல் நேரம் செலவழிக்க முடிந்தவருக்குத்தான் சேவை மனசு இருக்கும் என்று யார் முடிவு செய்தது?

இப்போது எனக்குத் தீர்ப்பு வந்திருக்கிறது. விட்ட மணி நேரத்துக்கு இரட்டிப்பாக ஈடுசெய்ய வேண்டும். எப்படி? சனி, ஞாயிறு கல்லூரிக்கு வந்து வளாகத்தைப் பெருக்க வேண்டும். துடைப்பம் அலுவலகத்தில் தருவார்களாம். கூடவே ஒரு கடிதம்: ‘முகாமில் கலந்துகொள்ளத் தவறியமைக்கு மனம் வருந்துகிறேன்’. டைப் செய்து வைத்திருக்கிறார்கள், கையெழுத்துதான் பாக்கி.

நான் போடவில்லை. பி.எட். விண்ணப்பத்துக்குப் புரொவிஷனல் சர்டிபிகேட் வேண்டும், நாள் ஓடுகிறது, பேசாமல் போட்டுவிட்டு வா என்று தம்பிகூடச் சொல்கிறான். கை வரவில்லை.

சரி, ஊராட்சியிலிருந்து எழுதி வாங்கி வா, பார்க்கலாம் என்று துறைத் தலைவர் இறங்கி வந்தார். எழுதி வாங்கினால் என்ன ஆகும்? தூய்மைக் காவலர் அந்த வாரம் வேலைக்கு வரவில்லை, வேறொரு ஆளை அனுப்பினார் என்று எழுத்தில் பதிவாகும். என் ஒரு கிரெடிட்டுக்கு அம்மாவின் 5000 ரூபாய் போகும். இந்தக் குமுறலின் அடியில் என் பெயரும் ஊரும் இல்லாததற்குக் காரணம் அதுதான். நான் செய்த வேலையை நான் செய்தேன் என்று வெளியே சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

ஆகவே ஊராட்சிக்குப் போகாதீர்கள் சார். உங்கள் அலமாரியிலேயே ஆதாரம் இருக்கிறது. நாக் கமிட்டிக்கென்று நீங்கள் கலரில் அச்சடித்து வைத்திருக்கும் முகாம் கோப்பைத் திறங்கள். காலைப் படங்களைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பேனருக்கு இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு மூன்று சக்கர வண்டியும் பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண்ணும் இருப்பார்கள். அது என் அம்மா இல்லை. கீழே தேதியும் நேரமும் நீங்களே போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தைக் கூட்டி என் கணக்கில் எழுதுங்கள்.