வீட்டுக்கும் ஓர் அரைஞாண் கயிறு



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'பேரிடரும் கட்டிடங்களும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேர் ஜப்பானைப் பற்றித்தான் எழுதுவாங்க. நானும் வெளிநாட்டுக் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்லப் போறேன். ஆனா என் கருத்து வேற. நம்ம உயிரைக் காப்பாத்தப் போற கண்டுபிடிப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் இல்லை. அது நம்ம ஊர்க் கொத்தனார் கையில இருக்கு. நாமதான் அதைக் கேட்டு வாங்குறதில்லை.

கொல்வது பூமியா, சுவரா?

2001 ஜனவரி 26, குடியரசு தினம். குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தில் காலை 8.46-க்குப் பூமி அதிர்ந்தது. அஞ்சார் என்ற ஊரில் நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். குறுகலான தெரு. இரண்டு பக்க வீடுகளும் அவர்கள் மேல் சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். அவர்களுக்கு அந்த ஊரில் இன்று நினைவிடம் இருக்கிறது.

அவர்களைப் பூமி விழுங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர்தான் கொன்றது. திறந்த மைதானத்தில் ஊர்வலம் போயிருந்தால் அதே அதிர்ச்சியில் எல்லாரும் பிழைத்திருப்பார்கள். அதனால் நிலநடுக்கத்தைத் தடுக்க முடியாதே என்று கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. சுவர் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரப்பர் செருப்பு போட்ட ஆஸ்பத்திரி

அந்த நிலநடுக்கத்தில் புஜ் நகரத்து அரசு மருத்துவமனையும் இடிந்தது. காயம்பட்டவங்களைக் கொண்டுபோக வேண்டிய இடமே இல்லாமல் போச்சு. பிறகு கட்டிய புது மருத்துவமனைக்கு அடியில் ஈய ரப்பர் தாங்கிகளை வைத்தார்கள்.

இது நியூசிலாந்து விஞ்ஞானி வில்லியம் ராபின்சன் 1970களில் கண்டுபிடித்தது. ரப்பர் ஒரு அடுக்கு, இரும்புத் தகடு ஒரு அடுக்கு என்று மாறி மாறி அடுக்கி, நடுவில் ஈய உருளையைச் சொருகி இருப்பார்கள். இதைத் தூணுக்கு அடியில் செருப்பு மாதிரி வைத்துவிட வேண்டியது. தரை வெடுக் வெடுக்கென்று ஆடும்போது ரப்பர் வளைந்து கொடுக்கும். மேலே உள்ள கட்டிடம் மெதுவாகத்தான் அசையும். ஈயம் ஆட்டத்தின் சக்தியை வாங்கி வெப்பமாக மாற்றிவிடும். 2011 பிப்ரவரி 22-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் நிலநடுக்கம் வந்து 185 பேர் இறந்தார்கள். அங்கே இந்தச் செருப்பு போட்டிருந்த பெண்கள் மருத்துவமனை தொடர்ந்து நோயாளிகளைக் கவனித்தது.

அருமையான கண்டுபிடிப்பு. ஆனா இதை நம்ம தெருவில் யார் வீட்டுக்கு வைக்க முடியும்? ஆஸ்பத்திரிக்கும் மாடி மாடியாகப் போகும் கட்டிடத்துக்கும் வைக்கலாம். ஓடு, ஷீட்டு, ஒத்தை மாடி வீட்டுக்கு என்ன வழி?

நாலு புத்தகமும் ஒரு ரிப்பனும்

வழி இருக்கு. நீங்களே வகுப்பு பெஞ்சில் செய்து பார்க்கலாம். நாலு கெட்டி அட்டைப் புத்தகத்தை நாலு சுவர் மாதிரி செவ்வகமாக நிறுத்துங்கள். பெஞ்சை ஆட்டுங்கள். பொத்து பொத்தென்று விழும். மறுபடி நிறுத்தி, மேல்பக்கத்தில் தலை ரிப்பனைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். அதே மாதிரி ஆட்டுங்கள். இந்தத் தடவை அவ்வளவு சுலபமா விழாது.

காரணம் சுலபம். நிற்கும் புத்தகத்தை முன்பக்கம் தள்ளினால் உடனே விழும். ஓரத்தில் தள்ளினால் விழாது. சுவரும் அப்படித்தான். நீளவாக்கில் பலசாலி, குறுக்குவாக்கில் நோஞ்சான். நாலையும் சேர்த்துக் கட்டினால் நோஞ்சான் சுவரைப் பக்கத்துச் சுவர் பிடித்துக்கொள்ளும். கட்ச்சில் 'புங்கா' என்று சொல்கிற வட்டமான மண் வீடுகள் பல 2001-இல் விழாமல் நின்றதற்கும் இதுதான் சூட்சுமம். வட்டச் சுவரில் பிரிந்து போக மூலையே கிடையாது.

நம்ம வீட்டுக்கு அந்த ரிப்பன்தான் லிண்டல் பெல்ட். கதவு ஜன்னல் மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடாமல், அதே மட்டத்தில் வெளிச்சுவர், உள்சுவர் எல்லாவற்றின் மேலும் விடாமல் சுற்றி ஓட்டுகிற கான்கிரீட் பட்டை. சின்னக் குழந்தைக்கு இடுப்பில் அரைஞாண் கட்டுறோமே, அதுபோல. இந்தியத் தர நூல் ஐ.எஸ். 4326, பட்டை குறைந்தது 75 மில்லிமீட்டர் கனம் வேண்டும், 8 மில்லிமீட்டர் கம்பி இரண்டாவது ஓட வேண்டும், 150 மில்லிமீட்டருக்கு ஒரு ரிங் கட்ட வேண்டும் என்கிறது. அறை பெரிசானால் கம்பியும் கூட வேண்டும். முக்கியமானது மூலை. அங்கே கம்பியை வெட்டி நிறுத்தக் கூடாது, வளைத்து அடுத்த சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். முடிச்சுப் போடாத ரிப்பன் கட்டாத ரிப்பன்தானே?

'நம்ம ஊர்ல எல்லாம் வராது'

இப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. மகாராஷ்டிரத்தில் கில்லாரி என்ற கிராமத்துக்காரர்களும் அப்படித்தான் இருந்தார்கள். அந்தப் பகுதி அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை 4 மணிக்குச் சற்று முன், எல்லாரும் தூங்கும்போது பூமி ஆடியது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று பிளந்து விழுந்தன. மேலே கனமான மண் கூரை. ஆயிரக்கணக்கான பேர் மடிந்தார்கள். சுவர் தடிமனா இருந்தா பலம் என்று நினைப்பது எவ்வளவு தப்பு பாருங்கள். அங்கே தடிமன் இருந்தது, கட்டு இல்லை.

2002-இல் வரைபடத்தைத் திருத்தும்போது அந்த முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். கும்பகோணத்தில் 2004-இல் பள்ளிக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்த பிறகுதான், பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்று கண்டிப்பு வந்தது. நம்ம நாட்டில் எல்லாப் பாடமும் பரீட்சை முடிஞ்ச பிறகுதான் நடத்துறாங்க!

தமிழ்நாட்டிலும் கோயம்புத்தூரில் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-இல் நிலநடுக்கம் வந்திருக்கிறது. சரி, அது அபூர்வம் என்றே வைத்துக்கொள்வோம். புயல் அபூர்வமா? டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறியது. காற்று கூரையை அமுக்கும் என்று பல பேர் நினைக்கிறாங்க. இல்லை. மேலே வேகமாகப் போகும் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். அதனால் ஷீட்டு மேலே கல்லையும் மணல் மூட்டையையும் வைத்தால் மட்டும் பத்தாது. ஷீட்டு பறந்தால் கல் நம்ம தலையில்தான் விழும். ஷீட்டை ஜே போல்ட் போட்டுச் சட்டத்தோடும், சட்டத்தைக் கம்பியால் சுவர் பெல்ட்டோடும் பிணைக்க வேண்டும். ஓரங்களில்தான் காற்று அதிகம் இழுக்கும், அங்கே போல்ட் நெருக்கமாக வேண்டும்.

ஆக நிலநடுக்கத்துக்கும் புயலுக்கும் மருந்து ஒன்றுதான். கூரையைச் சுவரோடு கட்டு, சுவரைச் சுவரோடு கட்டு, சுவரை அஸ்திவாரத்தோடு கட்டு. நம்ம முன்னோர் வீடு 'செய்தார்கள்' என்று சொல்லவில்லை, வீடு 'கட்டினார்கள்' என்றுதான் சொன்னார்கள். நாம வீட்டை அடுக்குறோம், பூசுறோம், பெயிண்ட் அடிக்கிறோம். கட்டுறோமா?

டைல்ஸ் கலர் கேக்குறோம், கம்பி கேக்குறதில்லை

எங்க சித்தப்பா கொத்தனார். "ஏன் சித்தப்பா எல்லா வீட்டுக்கும் பெல்ட் ஓட்டுறதில்ல?" என்று கேட்டேன். "மொத்தச் செலவுல அது ரொம்பப் பெருசில்ல பாப்பா. வீட்டுக்காரங்க கேக்கணும்ல? டைல்ஸ் என்ன கலருன்னு பத்துத் தடவை கேப்பாங்க. உள்ள என்ன கம்பி போட்டேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பூசிட்டா வெளியில தெரியாதுல்ல" என்றார்.

அரசுப் பணத்தில் சின்ன வீடு கட்டுறவங்க, "இருக்கிற காசுல இது வேறயா?" என்று கேட்பது நியாயம்தான். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முகப்பு அலங்காரமும் டிசைன் கிரில்லும் அடுத்த வருஷம் வைக்கலாம். பெல்ட்டை அடுத்த வருஷம் வைக்க முடியாது. சுவர் எழும்பும்போது விட்டால் விட்டதுதான், பிறகு செலவு பல மடங்கு. ஒரு விஷயம் இன்னும் இருக்கு. களிமண் தரையில் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கிச் சுவர் வெடிக்கிறதே, அதைக் குறைக்கவும் அடி பெல்ட் உதவும். புயல் வராத வருஷத்திலும் அதற்கு வேலை உண்டு.

என் வேண்டுகோள்

அரசாங்கம் வீட்டுக்குப் பணம் கொடுக்கும்போதே பெல்ட் கட்டாயம் என்று எழுதிவிட வேண்டும். கான்கிரீட் போடும் முன் கம்பியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணையைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊர்க் கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் இரண்டு நாளாவது பயிற்சி தர வேண்டும். நம்ம பள்ளியிலும் புத்தகம், ரிப்பன் சோதனையை எல்லா வகுப்பிலும் செய்து காட்டலாம் என்று அறிவியல் ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தோழர்களே, உங்க வீட்டிலோ சொந்தக்காரங்க வீட்டிலோ வேலை நடந்தால் இந்த நாலு கேள்வியை மட்டும் கேளுங்க:

1. லிண்டல் துண்டு துண்டாகவா, சுற்றிலுமா?
2. மூலையில் கம்பி வளைந்து போகிறதா, நின்றுவிட்டதா?
3. அடியில் பெல்ட் போட்டாச்சா?
4. ஷீட்டோ ஓடோ, கூரைச் சட்டம் சுவரோடு பிணைந்திருக்கிறதா?

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்று சொன்னால் நாலு புத்தகத்தையும் ஒரு ரிப்பனையும் எடுத்துக் காட்டுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம். சுவர் எழும்பும்போதே பெல்ட் போடுவோம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி